ஒரு சொல்லையும் தாண்டாதவர்

அன்று காலை பத்தேகாலுக்குப் பூட்டிய பதிவறை வாசலில் நின்றுகொண்டு நான் சுலோச்சனா அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். வருஷக்கணக்கில் ஒரு நாளும் தாமதமாக வராத மனுஷி, மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வரும் நாளாகப் பார்த்துத்தானா தாமதிக்க வேண்டும் என்று அலுவலக உதவியாளர் ஏழுமலையிடம் புலம்பினேன். அவர் தன் போனை என் முன்னால் நீட்டினார். "நீங்க இன்னும் பாக்கலியா மேடம்?" என்றார். அலுவலகக் குழுவில் செய்தி வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். செய்திக்குக் கீழே பதினேழு பேர் கை கூப்பியிருந்தார்கள். அந்த இருபது நிமிடமும் நான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. அமைதியின் வடிவம் என்றார் ஒருவர். அதிர்ந்து பேசாதவர் என்றார் இன்னொருவர். எதற்கும் மறுப்புச் சொல்லாதவர் என்று மூன்றாமவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. சத்தம் போடாமல் பிடிவாதம் பிடித்தால் அதற்கு அமைதி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நம் ஊழியர் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அவரைத் தெரிந்த உங்களிடம் இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

அவர் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சமணக் குடும்பத்து மருமகள். வீட்டுக்காரருக்கு நெல்லும் மணிலாக் கடலையும் விவசாயம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் ஐந்தேகாலுக்கு இரண்டாவது டிபன் பாக்ஸைத் திறப்பார். எந்த அதிகாரி எதிரில் நின்றாலும் அந்தப் பத்து நிமிடம் அவருடையது. கூட்டம் நீண்டு இருட்டிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் பட்டினிதான். "ஒரு பிஸ்கட்டாவது எடுத்துக்கங்கக்கா, யார் பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் பாப்பேன் இல்ல?" என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

பதிவறையில் காகிதம் தின்னும் பூச்சிகள் ஜாஸ்தி. நானானால் கோப்புக் கட்டை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவேன், வேலை முடிந்தது. அவர் ஒரு பழைய உறையில் பூச்சியை ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு வருவார். சாயங்காலத்துக்குள் அது திரும்ப வந்துவிடும் என்று நான் சொன்னால், "வரட்டும், நாளைக்கும் நான் இங்கதானே இருப்பேன்" என்பார். ஒரு கட்டைத் திறக்க நாற்பது நிமிடம் ஆகும். வெளியே மனுக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் திட்டுவது என்னைத்தான், ஏனென்றால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் நான்.

இங்கிலீஷ் வந்த கதைக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்பு எங்களுக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். வேறு மாநிலத்துக்காரர், தமிழ் அப்போது அவருக்கு வராது. ஆய்வுக் கூட்டம் முழுக்க இங்கிலீஷில் ஓடும். நானும் அக்காவும் தமிழ் வழியில் படித்தவர்கள், கடைசி வரிசையில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அவர் நேரே அக்காவைப் பார்த்து, "ஒய் ஆர் யூ ஸோ ரிலக்டன்ட்?" என்று கேட்டார். கோப்புகளை அனுப்ப ஏன் இவ்வளவு தயக்கம் என்பது கேள்வி. அக்கா எழுந்து நின்று முகம் நிறையச் சிரித்து, "தேங்க்யூ சார்" என்றார். அறையே சிரித்தது. அதிகாரிக்கே சங்கடமாகி உட்காரச் சொன்னார்.

மாடிப்படியில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தப்பாச் சொன்னது பரவால்ல விஜயா. திட்டுறாரா பாராட்டுறாரானு தெரியாம சிரிச்சேன் பாரு, அதான் எனக்கு அடங்கல." அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஓய்வு பெறுவதற்குள் அந்த மனுஷன் சொல்வது தனக்குப் புரிய வேண்டும் என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் எனக்கு ஜூனியர்கள்.

முப்பது நாளில் பேசலாம் என்கிற புத்தகத்தை நான் வாங்கினேன். நாலாம் நாளே அதை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன். அக்கா வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து நம் ஊருக்கு வந்து தங்குகிறவர்கள் திரும்பிப் போகும்போது போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களைச் செங்கம் ரோட்டில் பிளாட்பாரத்தில் விற்பார்கள் இல்லையா, அங்கே வாங்கிய ஒரு சிறுவர் நாவல். நூற்று நாற்பது பக்கம். ஆற்றோர ஊரில் மாமாவோடு வாழும் ஒரு சிறுமியும், அவள் தோட்டத்துக்கு வந்து சேரும் ஒரு முள்ளெலியும்தான் கதை. "கொழந்தைக்குப் புரியற மாதிரிதானே எழுதியிருப்பாங்க. இங்கிலீஷுக்கு நாமளும் கொழந்தைங்கதானே" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் புழங்கும் சொல் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் கிடையாது. ஹெட்ஜ் என்றால் வேலிச்செடி. பர்ரோ என்றால் வளை. ஏகார்ன் என்றால் நம் ஊரில் இல்லாத ஏதோ ஒரு மரத்தின் கொட்டை. கோப்பு, குறிப்பாணை, நிலுவை, காலக்கெடு எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் தேடிப் போனவர்கள், முள்ளெலியின் மூக்கு நுனிக்கும் புல்லில் விழும் பனிக்கும் சொல் கற்றுக்கொண்டிருந்தோம். "இதை வெச்சு அந்த ஆள்கிட்ட என்னக்கா பேசறது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "மொதல்ல படிப்போம், பேசறது அப்பறம்" என்றார்.

சரி, படிப்போம் என்றால் படிக்க விட்டால்தானே. அவர் ஒரு நியமம் வைத்தார். அவர்கள் வீட்டில் நியமம் என்றால் விளையாட்டில்லை, எடுத்தால் எடுத்ததுதான். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் பொருள் தெரிய வேண்டும். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் சொல்லை ஆள் பார்த்து, இடம் பார்த்து, ஒரு முறையாவது வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் பக்கத்தைத் திருப்பலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைப்பதே அரை மணி நேரம். புரியாததைத் தாண்டிக்கொண்டு போனால் கதை தானாகவே புரியும் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "தெரியாததைத் தாண்டினா அப்பறம் தெரிஞ்ச மாதிரி நடிக்கணும் விஜயா. அந்தக் கூட்டத்துல நடிச்சது போதும்" என்றார்.

'நட்ஜ்' என்று ஒரு சொல் வந்தது. லேசாக இடித்து நகர்த்துவது. மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கூட்டம். அக்கா கண்டக்டரிடம், "முன்னாடி நிக்கறவங்களைக் கொஞ்சம் நட்ஜ் பண்ணச் சொல்லுங்க" என்றிருக்கிறார். "இன்னா மேடம் அது, எந்த ஸ்டாப்பிங்?" என்று கேட்டிருக்கிறார் அவர். அக்கா பொருளைச் சொல்லி, தோளால் இடித்தும் காட்டியிருக்கிறார். அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தோடு நான் அதே பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். "நட்ஜ், நட்ஜ், உள்ள போம்மா, நட்ஜ்" என்று அந்தக் கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. அக்காவிடம் சொன்னபோது, "பாத்தியா, அவருக்கும் ஒரு சொல்லு ஆச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

'ஷிவர்' என்ற சொல் எங்களுக்குச் சித்திரை மாதத்தில் வாய்த்தது. குளிரில் நடுங்குவது. மலை அனலாகக் காய்கிறது, கருங்கல் தரையில் கால் வைக்க முடியவில்லை, யார் இங்கே நடுங்குவார்கள்? பதினொரு நாள் அந்தப் பக்கத்திலேயே நின்றோம். பக்கத்தின் கடைசி வரியில் முள்ளெலி கிணற்றடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும். "நான் வேணா நடுங்கிக் காட்றேன், என்கிட்டயே சொல்லிட்டுத் திருப்புங்க" என்றேன். ஒப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் காவலாளி காய்ச்சலோடு படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் போய், "ஷிவர் ஆகுதாப்பா?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். அன்றைக்குப் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தவள், மதியம் முழுக்க இரண்டு பேர் வேலையைச் செய்தேன்.

'டஸ்க்' என்ற சொல்லின் மேல் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். அந்திப்பொழுது. "இது என்னோட சொல்லு" என்பார். டீக்காரர் முதல் தபால் கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லியாயிற்று. ஐந்தேகாலுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "டஸ்க் வரதுக்குள்ள முடிச்சிரணும்" என்பார். இப்போது ஐந்தேகால் ஆனால் நான் அந்த நாற்காலிப் பக்கம் திரும்புவதில்லை.

அந்தப் புத்தகத்தால் ஒரே ஒரு முறை பயன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏழுமலை என்னைச் சும்மா விடமாட்டார். ஐப்பசி மழையில் பதிவறைக் கூரை ஒழுகியது. மூன்று கடிதம் எழுதியும் யாரும் வந்து பார்க்கவில்லை. கூட்டத்தில் அதிகாரி வழக்கம்போல ஏதேனும் குறை உண்டா என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுக் கோப்பை மூடப் போனார். அக்கா எழுந்தார். "சார், தேர் இஸ் எ படில் இன் தி ரெக்கார்ட் ரூம்" என்றார். பதிவறையில் நீர் தேங்கிக் குட்டையாகியிருக்கிறது என்பதுதான் அது. முள்ளெலி தண்ணீர் குடித்த பக்கத்தில் வந்த சொல். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "படில்?" என்று கேட்டார். "எஸ் சார். பிக் படில்." அவர் அப்போதே எழுந்து வந்து பார்த்தார், அந்த வாரமே கூரைக்கு ஆள் வந்தது. "அக்கா இங்கிலீஷ்ல பேசி கூரையைப் போட்டுட்டாங்க" என்று ஏழுமலை மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். அன்று சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அதன் பிறகும் வேகம் கூடவில்லை. முதல் வருஷம் நாற்பது பக்கம். இரண்டாம் வருஷம் முப்பத்தெட்டு. என் பக்கத்து வீட்டுப் பெண் இதற்குள் ஒரு பட்டப்படிப்பையே முடித்துவிட்டாள். வாரக் கடைசியில் புத்தகத்தை ஆளுக்கு ஒரு முறை வீட்டுக்கு எடுத்துப் போவோம், படித்த பக்கங்களைத் திரும்பப் பார்ப்பதற்காக. நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகம் என்னிடம் இருந்தது. பொறுமை போய்விட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கடைசி வரைக்கும் ஓட்டினேன். தெரியாத சொல்லையெல்லாம் தாண்டினேன். ஓரிடத்தில் இரண்டு பக்கம் முழுக்கக் கடினமாக இருந்தது, அந்த மாமா என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதை அப்படியே விட்டுவிட்டேன். நாலு மணிக்குள் நாவல் முடிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

முடிவு எனக்கு நன்றாகவே புரிந்தது. முள்ளெலி உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. சிறுமி கூப்பிடுகிறாள், அசையவில்லை, அழுகிறாள். மாமா இலைகளைக் கொண்டுவந்து அதன்மேல் குவித்து மூடுகிறார். கடைசிப் பக்கத்தில் வெறும் இலைக்குவியலின் முன்னால் சிறுமி கண்ணீரோடு நிற்கிறாள். அக்காவிடம் சொல்லவில்லை. பூச்சிக்கே ஜன்னல் திறக்கிறவர் இதை எப்படித் தாங்குவார் என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஒன்றும் தெரியாதவள்போல நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். முடிவு தெரிந்த கதையை ஒவ்வொரு சொல்லாகத் தோண்டிக்கொண்டு உட்காருவதைப் போலக் கொடுமை இல்லை.

நூற்றிருபதாம் பக்கத்தில் 'திஸில்' வந்தது. ஏதோ முள்செடி. படத்தில் இருக்கிறது, நம் ஊரில் இல்லை. யாரிடம் சொல்வது என்று நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் வரப்பிலிருந்து ஒரு பிரம்மதண்டு இலையைப் பறித்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் பௌர்ணமி, கவுன்ட்டரில் கூட்டம், எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. "திஸிலும் இந்த மாதிரிதான் இருக்குமாம் விஜயா, தொட்டுப் பாரேன்" என்று என் கோப்பின் மேல் வைத்தார். முள் கையில் குத்தியது. என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நான் பார்க்கவில்லை.

"அது செத்துப்போவுதுக்கா. உங்க முள்ளெலி. கடைசில செத்துதான் போவுது. இதுக்குத்தான் மூணு வருஷமா உக்காந்து எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்கோம்."

அக்கா இலையை எடுத்துத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றினார். "நீ படிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அது மேஜைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவர் போகும்வரை நான்கு மாதம் இப்படியே. நினைக்க நினைக்க எனக்கே ஆத்திரமாக வருகிறது. ஒரே அறை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இரண்டு நாற்காலி. "அந்தக் கட்டு எங்க விஜயா?" என்பார். "மூணாவது ரேக்குலக்கா" என்பேன். காபி வந்தால் எனக்கும் சேர்த்து ஊற்றுவார். புத்தகப் பேச்சு மட்டும் கிடையாது. அவர் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். கோபம் அவருக்கு, ஆகவே அவரே வரட்டும் என்று இருந்தேன். கோபித்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது, மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாய் இருந்தது. ஒரு தரம், 'என்னக்கா, மிச்சத்தைப் படிக்கலாமா' என்று கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? வீம்பு. அவர் பிடிவாதத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, என்னுடையது கம்மியா என்ன?

காரியம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் பத்மா உள்ளேயிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூற்றிருபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக இருந்தது. திஸில் என்ற சொல்லின் கீழே பென்சில் கோடு. அதற்கப்புறம் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை.

"அம்மாக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும் இடமா அது, ஆனாலும் கேட்டேன்.

"கோவம்லாம் இல்ல ஆன்ட்டி. ஏம்மா படிக்கறதை விட்டுட்டனு நான்தான் கேட்டேன். 'அது செத்துப்போவுதாம்டி. விஜயா பொய் சொல்ல மாட்டா. தெரிஞ்சே போய் அதைப் பாக்கணுமா?'னு சொன்னாங்க. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ஒரு எலிக்காம்மானு நாங்க சிரிச்சோம்."

பத்மா சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். என்னால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நூற்றிருபதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் நியமப்படிதான். திஸில் என்று பஸ் கண்டக்டரிடம் சொன்னேன், அவர் அக்கா எங்கே என்று கேட்டார், இறந்துவிட்டதை நான் சொன்னேன், அவர் அதன்பிறகு கீழ்பென்னாத்தூர் வரும்வரை விசில் ஊதவில்லை, கையால் தட்டித்தான் பஸ்ஸை நிறுத்தினார். டீக்கடையில் ஒரு சொல், ஏழுமலையிடம் இரண்டு சொல், என் வீட்டுக்காரரிடம் மிச்சம். "உனக்கு என்ன ஆச்சு?" என்றார் அவர். வேகமாகப் போக வேண்டும் என்று இப்போதும் கை பரபரத்தது. போகவில்லை. நான் தாண்டிவிட்ட அந்த இரண்டு பக்கத்துக்கு வந்துசேர ஐந்து வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு பக்கத்தில் தெரியாத சொல் முப்பத்தொன்று இருந்தது. ஒவ்வொன்றாகப் பொருள் எழுதிக்கொண்டு வந்தேன். பாதி வருவதற்குள் கை நின்றுவிட்டது. மாமா அந்தச் சிறுமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: அழாதே, இது சாகவில்லை. இந்தப் பிராணி குளிர்காலம் முழுக்க இப்படித்தான் தூங்கும். உடம்பு சில்லிட்டுவிடும், மூச்சு எப்போதோ ஒன்று வரும், இதயம் மெதுவாக அடிக்கும். எழுப்பாதே. குளிர் உள்ளே போகாதபடி இலையால் மூடிவைப்போம், வெயில் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். கடைசிப் பக்கத்தில் வெயில் வந்துவிட்டது. இலைக்குவியலில் ஒரு சின்ன ஓட்டை. ஈர மண்ணில் சின்னச் சின்னக் கால் தடம் வேலி வரைக்கும் போகிறது. சிறுமி சந்தோஷத்தில் அழுகிறாள்.

நம் ஊரில் குளிர் என்றால் மார்கழிக் காலையில் ஒரு ஸ்வெட்டர். மாதக்கணக்கில் தூங்கும் பிராணி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சில்லிட்டுக் கிடந்தால் செத்தது, மேலே எதையாவது போட்டு மூடினால் அடக்கம். இதுதான் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாததை நிரப்பி, அதைக் கொண்டுபோய் அவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தைப் பத்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், பேரப்பிள்ளைகள் யாராவது படிக்கட்டும். பதிவறைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது, அது அலுவலகத்தின் சொத்து. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். விஜயா பொய் சொல்ல மாட்டா. அவர் என்னைப் பற்றி அப்படி நினைத்திருந்தார். நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

அக்கா, அது சாகவில்லை. நான் இரண்டு பக்கம் தாண்டிவிட்டேன்.